உங்களுக்குத் தெரியுமா? ஒரே பொருள் தரும் வாக்கியங்கள்

● ஐப்பசி பிறந்ததும் சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில் அரியலூரும் பெரம்பலூரும் ஜோடியாக வந்துவிடும். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது" என்று வாசிப்பார்கள். அந்த 'ஓரிரு' வாய்க்கு வந்தபடி போட்ட சொல் அல்ல. மழைமானி வைத்திருக்கும் நிலையங்களில் கால்பங்கு வரை மழை பதிவானால் 'ஓரிரு இடங்கள்'. கால்பங்கைத் தாண்டிப் பாதி வரை என்றால் 'ஒருசில இடங்கள்'. பாதிக்கு மேல், முக்கால் வரை 'அநேக இடங்கள்'. முக்காலையும் தாண்டினால் 'பெரும்பாலான இடங்கள்'. 'கன' என்பதற்கும் அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, அதற்கு மேல் 204.4 மி.மீ. வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை.

திருமானூரில் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர், "மழைன்னு சொன்னாங்க, ஒரு சொட்டு இல்லியே" என்று கோபிப்பது நியாயம்தான். அறிக்கையும் பொய் சொல்லவில்லை. 'ஓரிரு' என்றாலே முக்கால்வாசி இடம் காய்ந்து கிடக்கலாம் என்றும் அது சேர்த்தே சொல்லிவிட்டது. அன்றாடத் தமிழில் 'ஓரிரு', 'ஒருசில', 'சில' எல்லாம் ஏறக்குறைய ஒன்று. அந்த அறிக்கையில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலி.

● இப்படி ஒரு மொழியில் சொல்லையும் வாக்கிய அமைப்பையும் வேண்டுமென்றே குறைத்து, ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான் என்று கட்டிவைப்பதைக் கணினி மொழியியலில் 'கட்டுப்படுத்திய இயல்மொழி' என்கிறார்கள். படித்தால் சாதாரணத் தமிழாகவோ ஆங்கிலமாகவோதான் தெரியும். உள்ளே சட்டம் நடக்கும்.

● இதனால் என்ன லாபம் என்று கேட்டால் கனடாவைக் காட்டலாம். 1977-இல் அங்கே 'மெத்தியோ' என்ற மென்பொருள் வேலைக்கு வந்தது. வானிலை அறிக்கையை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றுவது மட்டும்தான் அதன் தொழில். கதையோ கடிதமோ கொடுத்தால் திருதிருவென்று விழித்திருக்கும். மழை, காற்று, பனி என்ற சின்ன வட்டத்துக்குள் இருந்ததால் இருபது ஆண்டுகளுக்கு மேல் சளைக்காமல் உழைத்தது. எந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்து ஊரே சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

● விமானப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்கென்றே 'எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம்' ஒன்று 1980-களில் உருவானது. செய்முறையைச் சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'குளோஸ்' என்றால் 'மூடு' மட்டும்தான். 'பக்கத்தில்' என்ற பொருளில் எழுதினால் பிழை, அதற்கு 'நியர்' இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு இது கெடுபிடியாகத் தோன்றும். நடு இரவில் விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொண்டு, தாய்மொழியல்லாத மொழியில் கையேட்டைப் புரட்டும் தொழிலாளியை நினைத்து எழுதிய சட்டம் என்று பார்த்தால் கெடுபிடி போதவில்லை என்றே படும்.

விமானிகளின் பேச்சிலும் அப்படியே. 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைத் துணை விமானி ஒரு பொருளில் சொல்ல, கட்டுப்பாட்டுக் கோபுரம் வேறு பொருளில் எடுத்துக்கொண்டது விபத்தின் காரணங்களில் ஒன்று. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்கலாம். மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்'.

● நம் பக்கத்தில் இதற்கு ஆயிரம் வயது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட சோழர்களின் கல்வெட்டையும் செப்பேட்டையும் பார்த்தால் நிலத்தானம் எழுதும் முறை எங்கேயும் ஒரே அச்சு. ராஜாவின் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியில் புலவர் விளையாடலாம். நிலத்தின் எல்லைக்கு வந்ததும் விளையாட்டு நின்றுவிடும். கீழ்பாற்கெல்லை இன்னதற்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்னதற்கு வடக்கு, மேல்பாற்கெல்லை இன்னதற்குக் கிழக்கு, வடபாற்கெல்லை இன்னதற்குத் தெற்கு. இந்த நான்குக்கும் உட்பட்ட நிலத்தில் உடும்பு ஓடுகிற இடமும் ஆமை தவழ்கிற இடமும் எதுவும் மிச்சமில்லாமல் சேர்த்தி என்று முடிப்பார்கள். உடும்பும் ஆமையும் அழகுக்காக வந்தவை என்று நினைக்கலாம். புன்செய்க் காடோ நீர்க்கரையோ பிறகு யாரும் 'அது கணக்கில் இல்லை' என்று சொல்ல முடியாதபடி போட்ட பூட்டு அது.

இதில் கவனிக்க வேண்டியது ஒரே எல்லைக்குத் திசை இரண்டு தடவை வருவது. கிழக்குப் பக்கத்து எல்லை, இன்னதற்கு மேற்கு. இன்றைய பத்திரங்களில் இரண்டு பாணி நடக்கிறது. ஒருவர் 'கிழக்கு: வாய்க்கால்' என்று எழுதுகிறார், வாய்க்கால் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். இன்னொருவர் 'வாய்க்காலுக்குக் கிழக்கு' என்று எழுதுகிறார். நிலம் வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கிறது. ஓர் உருபு விட்டுப்போனால் வயல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். சோழர் காலத்தில் ஓலை நாயகம் என்ற அதிகாரி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார். ஒன்று சிதைந்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். நிலத்தை சர்வே எண் காப்பாற்றுகிற இந்தக் காலத்திலும் பத்திரம் எழுதுபவர்கள் அந்தப் பழைய முறைக்குத் திரும்பினால் தவறில்லை என்பது என் கட்சி.

● 'பெரம்பலூரிலிருந்து வந்த வியாபாரியின் மகன்.' வந்தது யார்? வியாபாரியா, மகனா?

நமக்கு இடம்பார்த்துப் புரியும். கணினி வாக்கியத்தைப் பிரித்து வரைந்தால் இரண்டு மரம் முளைக்கும். கட்டுப்படுத்திய மொழியை வடிவமைப்பவர் இங்கே மூன்றில் ஒரு வழி எடுக்க வேண்டும். இந்த மாதிரி வாக்கியத்தையே தடை செய்யலாம். எழுதும்போதே 'யாரைச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கலாம். அல்லது ஒரே பொருளைச் சட்டமாக்கிவிடலாம். சூரிச் பல்கலைக்கழகத்தில் 1995 முதல் வளர்த்துவரும் 'அட்டெம்ப்டோ' என்ற கட்டுப்படுத்திய ஆங்கிலம் மூன்றாவது வழியைப் பிடித்தது. பெயரை விவரிக்க வரும் துணைத்தொடர் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் சேரும். வேறு பொருள் வேண்டுமானால் வாக்கியத்தை மாற்றி எழுது. எழுதியதெல்லாம் தர்க்க வாய்பாடாக மாறிவிடும். அந்தச் சட்டத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் மேலே சொன்ன தொடரில் வந்தவர் வியாபாரிதான். மகன் வந்ததைச் சொல்ல, 'வியாபாரியின் மகன் பெரம்பலூரிலிருந்து வந்தான்' என்று பிரித்து எழுத வேண்டியதுதான்.

● நன்னூல் ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. அவற்றில் ஒன்று 'மயங்க வைத்தல்', படிப்பவர் இதுவா அதுவா என்று குழம்பும்படி எழுதுவது. 'மிகைபடக் கூறல்' இன்னொன்று. 'கூறியது கூறல்' மற்றொன்று. விமானக் கையேட்டுக்காரர்கள் போட்ட விதிகளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தார் என்று சந்தேகம் வரும்.

● உ.வே.சாமிநாதையர் அந்த நன்னூலை எங்கே கற்றார் தெரியுமா? கும்பகோணத்திலும் இல்லை, சென்னையிலும் இல்லை. அவர் தந்தை சங்கீதம் பாடிப் பிழைத்தது அரியலூர்ப் பக்கம். பிள்ளையின் தமிழ்ப் படிப்பு அரியலூர், குன்னம், கார்குடி, காரை, செங்கணம் என்று இந்த இரண்டு மாவட்டத்து ஊர்களிலும் அக்கம்பக்கத்திலும் சுற்றிச் சுற்றி நடந்தது. கார்குடி கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் சொல்லிக்கொடுத்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகை சொல்லிக்கொடுத்தார். 1871-இல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்கு முன்பே இலக்கணத்துக்கும் யாப்புக்கும் அடித்தளம் இங்கே விழுந்துவிட்டது. 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு இந்த ஊர்ப்பெயர்கள் பழக்கம். இந்த ஊர்களில் பஸ் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

● செங்கணத்தில் அந்தப் பையன் கற்ற காரிகையைக் கணினிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 2003-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பாலசுந்தரராமனும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வாசித்தார்கள். வெண்பாவின் விதிகளை 'இடம்சாரா இலக்கணம்' என்ற முறையில் எழுதி, கொடுத்த செய்யுள் வெண்பாதானா என்று மென்பொருளே சொல்லும்படி செய்திருந்தார்கள். 1950-களில் நோம் சோம்ஸ்கி வகுத்த இலக்கண வகை அது. நிரல்மொழிகள் பெரும்பாலானவற்றுக்கும் முதுகெலும்பு அதுதான்.

வெண்பா இதற்கு ஏன் அகப்பட்டது? அதுவே ஒரு கட்டுப்படுத்திய தமிழ் என்பதால்தான். எந்தச் சீர் வரலாம் என்று பட்டியல் இருக்கிறது: மாச்சீர் 2, விளச்சீர் 2, காய்ச்சீர் 4, ஆக 8. எதற்குப் பின் எது என்று 'தளை' என்ற ஒற்றை விதி இருக்கிறது: மா வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளமோ காயோ வந்தால் நேரில் தொடங்க வேண்டும். கடைசிச் சீருக்குத் தனி வாய்பாடு: நாள், மலர், காசு, பிறப்பு. அவ்வளவுதான் எலும்புக்கூடு.

உண்மையில் தளையைச் சோதிக்க இடம்சாரா இலக்கணம்கூட அதிகப்படி. இரண்டே நிலை உள்ள ஓர் எளிய எந்திரம் போதும். ஒரு நிலையின் பெயர் 'அடுத்து நேர் வேண்டும்', மற்றதன் பெயர் 'அடுத்து நிரை வேண்டும்'. சீரைப் படிக்கப் படிக்க இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தாவிக்கொண்டே போகலாம். ஞாபகசக்தி வேண்டியதில்லை. வாத்தியார்கள் விரலை மடக்கி அலகிட்டுக் காட்டியதும் இதே வேலைதான்.

● பெரம்பலூர் என்ற பெயரை அலகிட்டுப் பாருங்கள். பெரம் நிரை, பலூர் நிரை: கருவிளம். அரியலூர்? அரி நிரை, யலூர் நிரை: அதுவும் கருவிளம். விளத்துக்குப் பின் நேர் வர வேண்டும். இரண்டு பெயரும் நிரையில் தொடங்குகின்றன. ஆக வானிலை அறிக்கையில் பிரியாமல் வரும் இந்த இரண்டு ஊரும் வெண்பாவில் அடுத்தடுத்து நிற்கவே முடியாது! நடுவில் ஓர் ஆள் வேண்டும். 'பெரம்பலூர் தாண்டி அரியலூர் சென்றான்' என்றால் தளை தட்டாது. கருவிளம், தேமா, கருவிளம், தேமா. கவிதை சுமார்தான். இலக்கணம் பாஸ்.

● இன்னொரு கணக்கு. குறள் வெண்பாவுக்கு 7 சீர். தளை விதி இல்லையென்றால் முதல் 6 சீரும் எட்டில் எதுவாகவும், கடைசிச் சீர் நான்கில் எதுவாகவும் இருக்கலாம். பெருக்கினால் 10,48,576 வாய்பாடுகள். தளை விதியைப் போட்டதும் முதல் சீருக்கு மட்டும் 8 வழி. அடுத்த ஐந்துக்கும் தலா 4 வழி, ஏனென்றால் நேரில் தொடங்கும் சீர் நான்கு, நிரையில் தொடங்கும் சீர் நான்கு. கடைசிச் சீருக்கு 2 வழி. மொத்தம் 16,384. சீருக்கும் சீருக்கும் இடையே உள்ள ஒவ்வொரு மூட்டிலும் சரிபாதி கழிந்துபோகிறது. ஆறு மூட்டு, ஆறு தடவை பாதி. திருவள்ளுவர் எழுதிய 1,330 குறளும் இந்த 16,384 அச்சுகளுக்குள்தான். நாலடி வெண்பாவுக்கு 15 சீர். அதற்கு வரும் விடை 107,37,41,824. கணினிக்காரர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் புன்னகைப்பார்கள். ஒரு ஜிகாபைட்டுக்கு எத்தனை பைட் என்று அவர்கள் எழுதுவதும் இதே எண்தான், இரண்டின் முப்பதாம் அடுக்கு.

● செய்யுள் யாப்பைச் சோதிக்கும் இன்னொரு மென்பொருளின் பெயர் 'அவலோகிதம்'. வினோத் ராஜன் உருவாக்கியது. ஒரு பாவைக் கொடுத்தால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்து இன்ன பா என்று சொல்லிவிடும். பெயர் எங்கிருந்து வந்தது? அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவலோகிதர் என்ற போதிசத்துவர் என்று வீரசோழியம் சொல்கிறது. அந்த நூலை எழுதியவர் புத்தமித்திரனார் என்ற பௌத்தர். வீரசோழியம் என்ற பெயர் 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனால் வந்தது. அவன் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம், இன்றைய அரியலூர் மாவட்டம். ஜெயங்கொண்டத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

வீரசோழியம் வம்புக்கார நூல். வடமொழி இலக்கணச் சட்டகத்தை எடுத்துத் தமிழை அதற்குள் உட்காரவைத்துப் பார்த்தது. சில இடங்களில் தமிழ் உட்கார்ந்தது. சில இடங்களில் கால் வெளியே நீட்டிக்கொண்டது. இன்று ஒரே பொதுச் சட்டகத்தை வைத்துப் பல மொழிகளுக்கு இலக்கணம் எழுதும் திட்டங்கள் இருக்கின்றன. பின்லாந்துக்காரரான ஆர்னே ராண்டா 1998-இல் தொடங்கிய 'இலக்கணச் சட்டகம்' அவற்றில் பேர்பெற்றது. அங்கேயும் இதே இழுபறிதான்.

● காரிகை என்றும் பெயர் பெற்ற கட்டளைக் கலித்துறையில் ஒரு தந்திரம் உண்டு. அடி நேரசையில் தொடங்கினால், ஒற்றெழுத்துகளைத் தள்ளி எண்ண 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. யாப்பருங்கலக் காரிகையும் வீரசோழியமும் இந்த யாப்பில்தான் இயன்றவை. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும் காலத்தில் ஒற்றல்லாத ஓர் எழுத்து விழுந்தாலும் கூடினாலும் எண்ணிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். கோப்பு முழுதாக வந்து சேர்ந்ததா என்று பார்க்க இன்று கணினி செய்கிற கூட்டுச் சரிபார்ப்பும் இந்த ஜாதிதான். இலக்கண நூலை எழுத இந்த யாப்பை எடுத்தவர்கள் ஓசைக்காக மட்டும் எடுத்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

● பெரம்பலூரும் அரியலூரும் மக்காச்சோளத்துக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் பேர்போனவை. இந்த வாக்கியத்தைப் படித்ததும் நீங்கள் முதல் ஊரை முதல் பொருளோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் சேர்த்துவிட்டீர்கள். இதற்கு நன்னூல் வைத்த பெயர் நிரல்நிறைப் பொருள்கோள். வரிசை தலைகீழாக வந்தால் எதிர் நிரல்நிறை: பெரம்பலூரும் அரியலூரும் சுண்ணாம்புக்கல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும்.

மனிதருக்கு நேர் வரிசை சுலபம், எதிர் வரிசை தலைசுற்றல். சோம்ஸ்கியின் இடம்சாரா இலக்கணத்துக்கோ எதிர் வரிசைதான் சுலபம். வரிசை எவ்வளவும் நீளலாம் என்றால் நேர் வரிசை முடியவே முடியாது! அந்த இலக்கணத்தைப் படிக்கும் எந்திரத்திடம் இருப்பது ஓர் அடுக்கு மட்டுமே. கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும், தட்டு அடுக்கியது போல. பெரம்பலூரை வைத்து, மேலே அரியலூரை வைத்தால் எடுக்கும்போது அரியலூர்தான் கைக்கு வரும். அதற்குரிய சுண்ணாம்புக்கல் முதலில் வந்தால் பொருந்தும். மக்காச்சோளம் முதலில் வந்தால் முழிக்கும். இந்த வகைக் குறுக்குப் பின்னல் இயல்மொழியில் உண்மையாகவே இருக்கிறது, ஆகவே இடம்சாரா இலக்கணம் எல்லா மொழிக்கும் போதாது என்று ஸ்டூவர்ட் ஷீபர் 1985-இல் சுவிஸ் ஜெர்மன் மொழியின் வினைத்தொடர்களை வைத்து நிறுவினார். பவணந்தியார் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவைத்தது வேறு காரணத்துக்காகத்தான். ஆனால் கோடு கிழித்த இடம் அச்சாக அதே இடம்.

● ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வீரமாமுனிவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1680-இல் இத்தாலியில் பிறந்து, இந்தக் கொள்ளிடக் கரையில் நெடுநாள் இருந்தவர். தேம்பாவணியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவர் தமிழின் இரண்டு வழக்குக்கும் தனித்தனி இலக்கணம் எழுதினார் என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். பேச்சுவழக்குக்குக் 'கொடுந்தமிழ் இலக்கணம்', இலக்கிய வழக்குக்குச் 'செந்தமிழ் இலக்கணம்', இரண்டும் லத்தீனில். இரண்டையும் கலந்து ஒரே இலக்கணமாக எழுதினால் இரண்டும் கெடும் என்று கண்டுகொண்டார். இன்று பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் ஒரே மென்பொருளில் போட்டுப் பிசைகிறவர்கள் கவனிக்கலாம். கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது தரங்கம்பாடி அச்சுக்கூடம். கத்தோலிக்கப் பாதிரியார் எழுதிய நூலை, அவரோடு ஓயாமல் வாதிட்டுக்கொண்டிருந்த லூத்தரன் மிஷன் அச்சிட்டது என்பது இலக்கணத்துக்குக் கிடைத்த மரியாதை.

அவருடைய சதுரகராதி 1732-இல் முடிந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு. நிகண்டு என்றால் மனப்பாடம் செய்ய வேண்டிய பாட்டு என்றிருந்த நாட்டில், சொல்லை அகரவரிசையில் தேடி எடுக்கலாம் என்று ஆனது. இலக்கணப் பகுப்பு மென்பொருள் எதற்கும் முதல் தேவை தேடி எடுக்கக்கூடிய அகராதி.

● எரியில் விழுந்தான். ஏரியில் விழுந்தான். பழைய ஏட்டில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும். குறில் எகரத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியையே விட்டுவிடுவார்கள். சோழகங்கம் போன்ற பெரிய ஏரிகள் உள்ள பகுதியில் இது சின்ன விஷயமா! குறிலுக்கும் நெடிலுக்கும் தனி வடிவம் வைத்து, கொம்பை ஒற்றைச் சுழி, இரட்டைச் சுழி என்று பிரித்த சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரில் சொல்லப்படுகிறது. இலக்கணத்தில் ஒரு விதியும் மாறவில்லை, எழுத்து மட்டும் மாறியது. படிப்பவர் ஊகிக்க வேண்டிய வேலை பாதி குறைந்தது.

● 'வேலை கொடு' என்றால் உத்தியோகம் கேட்கிறார். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறார். ஒரு 'க்' விட்டுப்போனால் மனு யாருக்குப் போகும் என்றே தெரியாது. சந்தி எழுத்து தேவையா என்று ஆண்டுக்கு ஒருமுறை சண்டை போடுகிறவர்களுக்கு என் ஓட்டு: கணினி படிக்க வேண்டுமென்றால் தேவை.

● சமஸ்கிருதம்தான் கணினிக்கு ஏற்ற மொழி என்று நாசா அறிவித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதன் வேர் 1985-இல் ரிக் பிரிக்ஸ் என்ற நாசா ஆய்வாளர் ஒரு செயற்கை நுண்ணறிவு இதழில் எழுதிய கட்டுரை. ஒருவர் எழுதிய கட்டுரை, அவ்வளவுதான். நாசா எதையும் அறிவிக்கவில்லை. ஆனால் பாணினிக்குச் சேர வேண்டிய நியாயமான புகழ் வேறிடத்தில் இருக்கிறது. நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதும் குறியீட்டுக்கு ஜான் பேக்கஸ் பெயரை வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 4,000 சூத்திரங்களில் இதே மாதிரி வேலையைப் பாணினி முன்பே செய்துவிட்டார், ஆகவே 'பாணினி-பேக்கஸ் வடிவம்' என்று சொல்லுங்கள் என்று பீட்டர் இங்கர்மன் 1967-இல் கடிதம் எழுதினார்.

● தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழி இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கியது. 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும், 'முடி' என்றால் முடிக்கும். இதில் இலக்கண வடிவமைப்பாளருக்கு ஒரு சங்கடம் வந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'இஃப்' முதலில் வந்துவிடும். வரப்போவது நிபந்தனை என்று எந்திரம் தயாராகிவிடும். தமிழில் 'ஆனால்' கடைசியில்தான் வரும், 'மழை பெய்தால்' என்பதில் 'ஆல்' கடைசியில் வருவது போல. 'இருந்தால்', 'வரை', எல்லாமே வால்பக்கம். எழில் தமிழின் வரிசையை உடைக்கவில்லை. நிபந்தனைக்கு முன்னால் '@' குறியைப் போட்டு, இதோ ஒன்று வருகிறது, என்ன என்று பிறகு சொல்கிறேன் என்று எந்திரத்துக்கு ஜாடை காட்டிவிட்டு, நிபந்தனையை எழுதி, 'ஆனால்' என்று முடிக்கிறது. எனக்குப் பிடித்த சமரசம்.

● கடைசியாக ஒரு வேலை. பந்த் அன்று மாலை ஒருவர் சொல்கிறார்: "எல்லாக் கடையும் திறக்கவில்லை." ஒரு கடைகூடத் திறக்கவில்லையா, சில கடை திறந்து சில கடை மூடியிருந்ததா? வீட்டில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு கட்சியாவது தேறும். தமிழுக்கு ஒரு கட்டுப்படுத்திய வடிவம் செய்ய உட்காருகிறவர் முதல் நாளே இதைத் தீர்த்தாக வேண்டும். நான் செய்தால் 'எல்லா'வும் எதிர்மறை வினையும் ஒரே வாக்கியத்தில் சேரக் கூடாது என்று எழுதிவிடுவேன். ஒன்றுமே இல்லை என்றால் 'எந்தக் கடையும் திறக்கவில்லை'. பாதி என்றால் 'சில கடைகள் திறக்கவில்லை'.